மிளகாய் நெடியும் பெல்லட் ஸ்டவ்வும்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு ஹாலைச் சூடாக்குவது, மரத்தூள் குச்சிகளை எரிக்கும் பெல்லட் ஸ்டவ்தான். பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை காலை, அது ஸ்டார்ட் ஆகாமல் 'எரர்' காட்டியது. என் கணவர் சாம்பலை அள்ளினார், கதவை அழுத்தி மூடினார், மூன்று முறை ஆன் செய்தார். மறுபடியும் எரர்!

நானோ சமையலறையில் சாம்பார் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். நெடிக்காக எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் வைத்து, குளிருக்காக ஜன்னல்களை எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தேன்.

"அம்மா, ஐ கான்ட் ப்ரீத்!" என்று இருமிக்கொண்டே வந்த மகள் ஜன்னலைத் திறந்தாள். கணவர் நாலாவது முறை பட்டனை அழுத்தினார். சில நிமிடங்களில் உள்ளே தீ!

"எரியுதுடி! நான்தான் ரிப்பேர் பண்ணேன்!" என்று குதித்தார்.

எனக்குச் சந்தேகம். ஜன்னலை மூடினேன். கொஞ்ச நேரத்தில் எரர் வந்து ஸ்டவ் நின்றது!

உடனே மெக்கானிக்குக்கு போன் செய்தோம். ஜன்னல்கள் மூடியிருக்கும்போது ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே இழுத்ததால் ஸ்டவ்வின் புகை போகவேண்டிய வழியில் போகவில்லை, அதனால்தான் நின்றிருக்கிறது என்றார். அது நிற்காமல் எரிந்திருந்தால் விஷவாயு ஹாலுக்குள்ளேயே வந்திருக்குமாம்!

இப்போது ஹாலில் விஷவாயு அலாரம் மாட்டியிருக்கிறோம். வறுப்பதற்கு முன் பெல்லட் ஸ்டவ்வை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். எரர் வந்தால் ஸ்டவ்வைத் திட்டுவதில்லை; முதலில் என் எக்ஸாஸ்ட் ஃபேனைத்தான் பார்க்கிறேன்.