உள்பக்கத் தையல்

என் சித்தியை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் ‘கிளிப்பக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். துணிக் கம்பெனி விளம்பரங்களில் பெண்களின் உடம்போடு அப்படியே ஒட்டி நிற்கும் உடைகளைப் பார்த்திருப்பீர்கள். முதுகுப் பக்கம் போய்ப் பார்த்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை கிளிப்புகள் இருக்கும். தொளதொளத்த துணியைப் பின்னால் இழுத்துப் பிடித்து அவற்றைப் போடுவதுதான் சித்தியின் வேலை. வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்வியபடியே பேசுவாள். பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது.

அதற்கு முன்னால் ஒரு தையல் கடையில் சட்டைகளின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு என்னையும் தங்கையையும் வளர்த்தவள் அவள்தான். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், “ரெண்டு பிள்ளைங்களோட இருக்கிறவளை எவன் கட்டிப்பான்? அப்படியே வந்தாலும் அவன் சட்டைக்கும் நான்தான் பட்டன் தைக்கணும்” என்று சிரித்துவிடுவாள்.

தங்கைக்கு வீட்டில் பூசணி என்று பெயர். சின்ன வயதில் அப்படிக் கொழுகொழு என்று இருந்தவள், பிறகு நெடுநெடுவென வளர்ந்துவிட்டாள். ஒரு நாள் வரவேண்டிய மாடல் வராமல் போக, சித்திக்குச் சாப்பாடு கொண்டுபோனவளைக் கேமராக்காரர் விளக்குக்கு முன்னால் நிற்க வைத்தார். அன்றிலிருந்து அவளும் அங்கேதான் மாடலாக வேலை செய்கிறாள். அவளுக்கு உடை மாட்டிவிடுவது சித்தி.

வேலைக்காகப் பல மாதங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய அன்று, பையை வாசலிலேயே போட்டுவிட்டு, “ஏய் பூசணி!” என்று ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். சட்டைக்குள்ளே ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. விலா எலும்புகள் விரலில் தட்டுப்பட்டன.

“அப்படிக் கூப்பிடாதக்கா.”

“சாப்பிடுறியா இல்லையாடி?”

“நானே உடம்பு போட்டுட்டேன்னு கவலையில இருக்கேன். நீ வேற.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

தங்கை குளிக்கப் போனதும் சித்தி என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

“நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்டி” என்றாள். “முன்னெல்லாம் போட்டோ மட்டும்தான். இப்ப வீடியோவும் எடுக்கிறாங்க. ‘நட’ன்றாங்க, ‘சுத்து’ன்றாங்க. முதுகுல கிளிப் இருந்தா தெரிஞ்சிடுமே. கம்பெனி மேடம் வேற, ‘இவ உடம்புல துணியே நிக்க மாட்டேங்குது, வேற ஆளைப் பாருங்க’ன்னு சொல்லிட்டாங்க. பிள்ளைக்கு வேலை போயிடுமேன்னு, அவ வர்றதுக்கு முன்னாடியே துணியை உள்பக்கமா பிடிச்சுத் தச்சு வச்சிட்டேன். எடுத்து முடிச்சதும் பிரிச்சிடுவேன்.”

“அதனால என்ன சித்தி?”

“துணியோட கழுத்துல போட்டிருக்கிற சைஸ் நம்பர் மாறலையே. முன்னாடி அவளுக்கு லூசா இருந்த சைஸ்தான் அது. இப்ப இறுக்கிப் பிடிக்குது. ‘குண்டாயிட்டேன் சித்தி’ன்னு ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினா. இன்னும் இளைச்சா. நான் இன்னும் கொஞ்சம் பிடிச்சுத் தச்சேன். அதுவும் பிடிக்குதுன்னு காலைச் சாப்பாட்டையும் விட்டுட்டா.”

“சொல்லித் தொலைய வேண்டியதுதானே?”

“‘நீ ஒல்லியாத்தான்டி இருக்கே’ன்னு சொன்னதுக்கே, ‘நீயாவது பொய் சொல்லாத’ன்னு அழுறா. என் தையல்தான் அவளைத் தின்னுட்டிருக்குன்னு எந்த வாயால சொல்றது?”

உள்ளே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாள் நானும் அவர்களோடு ஸ்டுடியோவுக்குப் போனேன். மாடிப்படியில் பாதி ஏறியதும் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. “செருப்பு சரியில்ல” என்றாள். சித்தி அவள் காலைப் பார்த்தாள். செருப்பில் ஒரு குறையும் இல்லை.

திரை போட்டு மறைத்த மூலைதான் உடை மாற்றும் இடம். முந்தின நாளே தைத்து வைத்திருந்த பச்சை கவுனைச் சித்தி எடுத்தாள். அதை மாட்டிவிடாமல், முக்காலியில் உட்கார்ந்து உள்பக்கத்தைத் திருப்பி, சின்னக் கத்தரியால் பிரிக்க ஆரம்பித்தாள்.

“என்ன சித்தி பண்ற?”

“இது நான் பிடிச்சுத் தச்சது. போன தடவையும் தச்சேன். அதுக்கு முன்னாடியும். நீ குண்டாகலடி. நான்தான் துணியைச் சின்னதாக்கிட்டே வந்தேன்.”

தங்கை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஓ, அக்காவும் நீயும் பேசி வச்சிட்டு வந்திருக்கீங்க. என்னைத் திங்க வைக்கிறதுக்காக இந்தத் துணியைப் பெருசு பண்றே.”

“சரி, என்னை நம்ப வேணாம். அந்தக் கம்பியில தொங்குற கவுன்ல எதுலயும் நான் இன்னும் கை வைக்கல. நீயே ஒண்ணை எடு.”

அவள் வீம்போடு போய் ஒரு கவுனை எடுத்தாள். தையல் மிஷின் பக்கத்திலேயே வளர்ந்தவள் அல்லவா, உள்ளே திருப்பிப் பார்த்தாள். மிஷின் தையல் மட்டும்தான் இருந்தது. கைத்தையல் எங்கும் இல்லை. கழுத்தில் இருந்த சைஸையும் பார்த்தாள்; எப்போதும் போடும் அதே சைஸ். பிறகு மாட்டிக்கொண்டாள்.

ஜிப்பை மேலே இழுத்துவிட்டுக் கையை எடுத்தாள். கவுன் ஒரு தோளிலிருந்து நழுவியது. அதைப் பிடிப்பதற்குள் மறு தோளும் நழுவ, மொத்தத் துணியும் இடுப்புக்கு இறங்கி, அங்கேயும் நிற்காமல் காலடியில் விழுந்தது.

உள்பாவாடையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். கண்ணாடியை அவள் பார்க்கவில்லை. குனிந்து, தரையில் கிடந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிளிப்பக்கா, ரெடியா?” என்று வெளியிலிருந்து கேமராக்காரர் குரல் கொடுத்தார்.

“சித்தி” என்றாள் தங்கை. குரல் சின்னப் பிள்ளையுடையது போல இருந்தது. “எனக்குப் பயமா இருக்கு.”

“இருக்கட்டும்டி. நான் ரொம்ப நாளா பயந்துட்டுதான் இருக்கேன்.”

வீட்டிலிருந்து அவள் போட்டு வந்த சட்டையையே சித்தி அவளுக்கு மாட்டிவிட்டாள். பட்டன் போட நேரம் பிடித்தது. பிறகு திரையை விலக்கினாள். வாயில் கிளிப் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

“இன்னைக்கு அவ நிக்க மாட்டா தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“அக்கா, மேடம் வந்திட்டிருக்காங்க…”

“வரட்டும்.”

படியில் நான் முன்னால் இறங்கினேன், விழுந்தால் தாங்குவதற்கு. தங்கை ஒவ்வொரு படியிலும் நின்று நின்று காலை வைத்தாள். சித்தி அவளுக்குப் பின்னால் ஒட்டியே வந்தாள். வழக்கமாகக் கிளிப் போடும் இடத்தில், அந்தச் சட்டையை முதுகோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்திருந்தாள். தெருவுக்கு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.