கீழ்வீட்டுக்கும் சேர்த்து வாங்கின ஜெனரேட்டர்

வெள்ளவத்தையில எங்கட ஃபிளட் மூண்டாம் மாடி. நேர கீழ ஒரு முஸ்லிம் டீச்சர் இருந்தா. அவவின்ர மனுசனுக்கு நெஞ்சு வருத்தம்; மூச்சுக்கு ஒக்சிஜன் மெஷின் வேணும், கனநேரம் நிப்பாட்ட ஏலாது. தினம் மணிக்கணக்கில கரண்ட் வெட்டத் தொடங்கின காலம். நான் ஜெனரேட்டர் வாங்கப்போறன் எண்டு கேள்விப்பட்டு டீச்சர் படியேறி வந்தா.

"அண்ணன், நீங்க எடுக்கிறதுல இவருட மெஷினையும் போட ஏலுமா? கொஞ்சம் பாத்து எடுங்களேன்."

"அதுக்கென்ன டீச்சர், அது என்ர பொறுப்பு," எண்டன். வாய்ச் சவடாலுக்கு எனக்கு என்ன குறைச்சல்!

கடைக்காரன் நல்ல மனுசன். சிங்களத்தில விளக்கமாக் கனக்கக் கேட்டான். எனக்குப் பிடிபட்டது 'ஃப்ரிட்ஜ்' எண்ட ஒரு சொல்லுத்தான். பஸ்ஸுக்கும் சந்தைக்கும் காணக்கூடிய சிங்களம்தான் என்னட்ட. ஆனா முப்பது வருசம் கொழும்பில கந்தோர் உத்தியோகம் பாத்தவன் விளங்கேல்லை எண்டு சொல்லுறதோ? "ஹரி, ஹரி" எண்டு சிங்களத்தில சரி சொல்லித் தலையாட்டினன். பக்கத்தில நிண்ட வேலையாள் இன்னொருத்தரோட நல்ல தமிழில கதைச்சுக்கொண்டு நிண்டவன். அவனிட்டயாவது கேட்டிருக்கலாம். என்ர வண்டவாளம் வெளியில வந்திடும் எண்டு கேக்கேல்லை. ஒரு கையால தூக்கக்கூடிய சின்னன் ஒண்டைக் காட்டி, இது காணும் எண்டு வாங்கிக்கொண்டு வந்தன்.

முதல் வெட்டு. பல்கனியில ஜெனரேட்டரைப் போட்டு, கீழுக்கு வயர் விட்டு, எங்கட ஃப்ரிட்ஜையும் கொழுவினன். ஃப்ரிட்ஜின்ர மோட்டர் உறுமின உடன ஜெனரேட்டர் மூச்சடைச்சு நிண்டுது. கீழ மெஷின் கீ கீ எண்டு கத்துது. திருப்பிப் போட்டன், திருப்பியும் நிண்டுது. டீச்சர் ஓடிவந்தா, பின்னால பக்கத்து வீட்டாக்களும் வந்திட்டினம். அத்தனை பேருக்கு முன்னால என்ர வாய் தன்ர பாட்டில சொல்லிச்சுது: "டீச்சர், உங்கட மெஷினிலதான் கோளாறு. அதுதான் இதை இழுத்து நிப்பாட்டுது."

"அல்லாவே! உங்கட புதுச் சாமானைப் பழுதாக்கிட்டமோ, அண்ணன்?" எண்டு அவ என்னட்ட மன்னிப்புக் கேட்டா. எனக்கு மேலெல்லாம் கூசிச்சுது.

டீச்சரின்ர மனுசனை ஒரு கதிரையில இருத்தி, நானும் வாசல்ல காவலுக்கு நிக்கிற வாச்சரும் ரெண்டு பக்கமும் பிடிச்சு இறக்கி, தெஹிவளையில பெரிய ஜெனரேட்டர் இருந்த டீச்சரின்ர தம்பி வீட்டுக்கு மெஷினோட ஓட்டோவில அனுப்பினம். நான் மேல வர என்ர மனுசி கேட்டா: "ஃப்ரிட்ஜைக் கழட்டிப்போட்டு மெஷினை மட்டும் குடுத்தா ஓடியிருக்குமெல்லே?"

"ஓம்," எண்டன்.

"அப்ப போய்ச் சொல்லுங்கோவன்."

சொல்லேல்லை. சொன்னா, அண்டைக்குச் சொன்னது பொய் எண்டு ஃபிளட் முழுக்கத் தெரிஞ்சுபோகும். பிறகு ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால அதே கதிரை, அதே படி. படி திரும்புற இடமெல்லாம் அவருக்கு இளைக்கும்; கதிரையை வைச்சுப்போட்டு நிப்பம். வியர்த்த கையால என்ர கையைத் தட்டிக்குடுப்பார். "எங்களால உங்களுக்குத்தான் கரைச்சல்," எண்டுவா டீச்சர்.

"சீச்சீ, இதென்ன கதை," எண்டுவன். ஓட்டோ வெளிக்கிட்டாப் பிறகு மேல வந்து, ஃப்ரிட்ஜைக் கழட்டிப்போட்டு, ஜெனரேட்டரைப் போட்டு, டீவி பாத்துக்கொண்டு இருந்தனான்.