மெதுவாக்காவின் இடக்கை

வெங்காயத்தை வாணலியில் போடுவதற்கு முன் சமையலறைக் கதவின் அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைக்கிறார். ஜன்னலைச் சாத்துகிறார். பிறகு என் பக்கம் திரும்பி, "மெதுவா பேசும்மா, மேல் வீட்டுக்காரம்மா இறங்கி வந்துரும்" என்கிறார். நான் பேசவே ஆரம்பித்திருக்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் மெதுவாக்கா. அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் எங்கள் இருவருக்கும் சமையலறை ஒன்றுதான். மாடிப்படியிலோ கடையிலோ தமிழ் காதில் விழுந்தால் போதும், "மெதுவா, மெதுவா" என்று உள்ளங்கையால் காற்றை அமுக்கிக் காட்டுவார். வந்த புதிதில் ஒருநாள் பேருந்தில், ஊரிலிருக்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாராம். முன் சீட்டுக்காரன் எழுந்து வந்து, எங்க மொழியில பேசு, இல்லேன்னா இறங்கு என்று கத்தியிருக்கிறான். அக்கா இறங்கிவிட்டார். மீதித் தூரத்தை மழையில் நடந்தார். "ஏம்மா மூச்சு வாங்குது?" என்று மகள் கேட்டதற்கு, "மாடி ஏறுறேன்டி" என்றாராம்.

நல்ல உயரம். அதை மறைக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டு, யாரோ தலையில் குட்டப் போவதுபோல நடப்பார். தெருவில் போலீஸ் வண்டி போனால் சுவரோரமாக ஒதுங்கி நின்றுவிடுவார். "உங்க பேப்பர் எல்லாம் சரியாத்தானேக்கா இருக்கு?" என்றேன் ஒருமுறை. "சரியாத்தான் இருக்கு. அவங்க அதைப் பாத்து முடிக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போயிரும்."

வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஓட்டல்களின் போர்வைகளும் மேசைவிரிப்புகளும் அங்கே மூட்டை மூட்டையாக வரும். துவைத்த போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, கொதிக்கும் உருளைக்குள் கொடுக்க வேண்டும். அது அந்தப் பக்கம் மொடமொடவென்று வெளியே வரும். உருளைக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி உரசினாலும் நிற்கிறது, வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் அந்தக் கம்பியை டேப் சுற்றி முடக்கி வைத்திருந்தார். உள்ளூர்க்காரர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். அங்கே நிற்பவர்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க முடியாதுன்னா வேற வேலை. நாம முடியாதுன்னா பிளேன் டிக்கெட்."

அக்காவின் விசா அந்த நிறுவனத்தின் பேரில் வந்தது. வந்திறங்கிய அன்றே, தொலைந்துவிடாமல் பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி சூப்பர்வைசர் தன் அலமாரியில் பூட்டிக்கொண்டார்.

ஒரு மதியம், போர்வையில் விழுந்த சுருக்கத்தை நீவிவிடப் போன இடக்கை துணியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. எதிர்முனையில் நின்றவள் ஓடிப்போய் சுவிட்சை அணைத்திராவிட்டால் முழங்கைவரை போயிருக்கும். ஆம்புலன்ஸ் வரவில்லை. சூப்பர்வைசர் ஈரத்துண்டைச் சுற்றி, தன் சொந்தக் காரில் உட்காரவைத்து, அதுவரை ஒருநாளும் பேசாத அளவுக்கு இதமாகப் பேசிக்கொண்டே வந்தார். வீட்டில் எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொல். வேலையில் நடந்தது என்றால் விசாரணை வரும். விசாரணை வந்தால் கூடத்தை மூடுவார்கள். மூடினால் உன்னோடு சேர்ந்து எல்லோரும் ஊருக்குப் போகவேண்டியதுதான். இவ்வளவும் சொல்லி இறக்கிவிட்டது ஆஸ்பத்திரி வாசலில் அல்ல, எங்கள் கட்டட வாசலில்.

நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எப்படி ஆச்சு என்று டாக்டரம்மா கேட்டதை மொழிபெயர்த்தேன்.

"எண்ணெய்னு சொல்லு" என்றார் அக்கா.

சொன்னேன். டாக்டரம்மா புறங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எண்ணெய் என்றால் திட்டுத்திட்டாகத் தெறித்திருக்குமே, இது ஏன் பட்டையாக இழுத்த மாதிரி இருக்கிறது என்று கேட்டார். அதையும் தமிழில் சொன்னேன். அக்கா மறுகையால் என் முழங்கையைப் பிடித்தார்.

"பெரிய சட்டின்னு சொல்லும்மா. வேற எதுவும் சொல்லிராதே. உன் கால்ல விழுறேன்."

கட்டுப் பிரித்தபின் துணி மடிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். உருளைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். வேறு ஏதோ நாட்டுக்காரி, அக்காவுக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. "பாட்டுப் பாடிக்கிட்டே கையைக் கொண்டுபோறா. நான் மடிக்கிறதை விட்டுட்டு அவ கையையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்பார். ஒருநாள் தன் தழும்பைக் காட்டி ஜாடையில் எச்சரிக்கப் போனதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். உனக்கு டிக்கெட் போடட்டுமா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். அன்று சாயங்காலம் அக்கா அடுப்பே பற்றவைக்கவில்லை.

"நான் எண்ணெய்னு சொன்னதாலதானே அந்த மெஷின் இன்னும் ஓடுது?"

"நீங்க என்னக்கா பண்ணமுடியும்?"

"அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன். சோறு இறங்கமாட்டேங்குது."

போன மாதம் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் கூடத்தைப் பார்வையிட வந்தார். வருவது முன்கூட்டியே தெரிந்திருந்ததால் காலையிலேயே கம்பியிலிருந்த டேப்பை உரித்துவிட்டார்கள். அவர் போனதும் மறுபடி சுற்றுவதற்குப் புது டேப் சூப்பர்வைசரின் மேசையில் தயாராக இருந்தது. அன்றைக்கு அக்காவை மட்டும் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

அன்றே அந்த உருளை நின்றது. விசாரணைக்கு வந்தவர்கள் அலமாரியையும் திறக்கவைத்து அவரவர் பாஸ்போர்ட்டை அவரவர் கையில் கொடுத்தார்கள். பாட்டுக்காரிக்கு இப்போது மடிக்கிற வேலை. அக்காவின் விசாவை மட்டும் நீட்டிக்கப் போவதில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. விசாரணை முடியும்வரை அவரை அனுப்பக் கூடாதாம். அதற்குப் பிறகு என்ன என்பது யாருக்கும் தெரியவில்லை. பெட்டியில் பாதித் துணியை அடுக்கிவிட்டார். கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போகிறார். தைரியசாலிக்கா நீங்க என்றேன். "போம்மா, பயத்துல எனக்கு அங்கயே ஒண்ணுக்கு வந்துருச்சு" என்றார்.

அதிகாரியிடம் அப்படி என்னதான் பேசினார் என்று கட்டடத்தில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கை மாட்டிய அன்று சுவிட்சை அணைத்தவள்தான் இதை எனக்குச் சொன்னாள். மடிக்கும் மேசையருகே நின்று, இங்கே யாருக்காவது அடிபட்டதுண்டா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ஒருத்தருக்கும் இல்லை என்று சூப்பர்வைசர் சிரித்தார். கூடமே குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தது. அதிகாரி பையை மூடிக்கொண்டு திரும்பப் போனார். அக்கா இடக்கையுறையை விரல் விரலாக இழுத்தார். புதுத்தோலில் ஒட்டிக்கொண்டு அது வர மறுத்தது. பல்லால் கடித்து இழுத்தார். பிறகு அதிகாரிக்கு முன்னால் விரிந்துகிடந்த வெள்ளைப் போர்வையின்மேல், புறங்கை தெரிய அந்தக் கையை வைத்தார். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். அக்கா கையை எடுக்கவில்லை.