தொட்டிக்கு உறை

சுரேகாவுக்குச் சுத்தம்னா அப்படி ஒரு பைத்தியம். திருமுல்லைவாயில் குடியிருப்புல எல்லா ஊட்டு மிச்சச் சோறும் காய்கறித் தோலும் ஒரு தொட்டிக்குப் போவும். அதுல வர்ற கேஸ்லதான் அவளோட இட்லிக் கடை ஓடுது. தனியா நிக்கிற பொம்பளைக்கு அந்த அடுப்புதான் எல்லாம். ஆயுத பூஜை வந்துச்சா? சோறு போடுற சாமியாச்சேன்னு, தொட்டிக்குள்ள பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் தாராளமா கொட்டிக் கழுவி, பொட்டும் வெச்சுட்டா. அட கடவுளே!

ரெண்டே நாள்ல அடுப்பு படுத்துடுச்சு. நாத்தம் மட்டும் குடலைப் புடுங்குச்சு. குடியிருப்புச் சங்கச் செயலாளர் பூபாலன் மூக்கைப் பொத்திக்கினு வந்தாரு.

"தா பாரும்மா, வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள எரியலைன்னா தொட்டிய இடிச்சிருவோம்."

தொட்டியக் கட்டிக் குடுத்த ஆவடி காலேஜ், இந்த மாதிரித் தொட்டி வெச்சிருக்கிறவங்களை எல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப் நடத்துது. அம்பத்தூர் பட்டறைக்காரங்க, பூந்தமல்லி ஓட்டல்காரங்க, கோயம்புத்தூர்ல ஆராய்ச்சி பண்றவங்க, எல்லாரும் அதுல கீறாங்க. சொன்னா சிரிப்பாங்களேன்னு சுரேகா போனைக் கையில வெச்சுகினே உக்காந்திருந்தா. அப்புறம், மானம் போனா போவட்டும், அடுப்பு போவக்கூடாதுன்னு நடந்ததை அப்படியே பேசிப் போட்டுட்டா.

ஒருத்தரும் சிரிக்கல. காலேஜ்ல ஆராய்ச்சி பண்ற கோகுல்நாத் சாயங்காலமே வந்து, தொட்டிக்குள்ள இருந்த கரைசலை ஒரு பாட்டில்ல மொண்டுகினு போய்ப் பாத்துட்டு, ராத்திரியே போன் போட்டாரு.

"கேஸ் குடுக்குற கிருமிங்க முக்கால்வாசி செத்துடுச்சுக்கா. பயப்படாதீங்க. கோயம்புத்தூர்ல வேணும்னே இப்படிச் சாகடிச்சுப் பாத்து, திருப்பி உசிரு குடுக்குற வழியும் கண்டுபுடிச்சு வெச்சிருக்காங்க. பாதித் தொட்டியக் காலி பண்ணுங்க. நல்லா ஓடுற வேற தொட்டியோட கரைசல் வேணும், நெறைய."

நெறையன்னா எங்க போறது? அதையும் குரூப்ல அவரே கேட்டுட்டாரு போல. மறுநாள் காலையில பூந்தமல்லி ஓட்டல்கார ஜமீலா, தன் தொட்டிக் கரைசலை டிரம் டிரம்மா குட்டியானை வண்டியில ஏத்திகினு வந்து எறங்கினாங்க.

"இவ்ளோ குடுத்துட்டா உங்க அடுப்புக்கு இன்னாக்கா பண்ணுவீங்க?"

"அடி போடி! உறைக்கு மோர் குடுத்தா சட்டி காலியாயிடுமா? ஊத்து மொதல்ல."

ஊத்தியாச்சு. வெள்ளிக்கிழமை எரியல. சனிக்கிழமை பக்குன்னு புடிச்சு அணைஞ்சுது. சுரேகாவுக்குச் சோறு தண்ணி எறங்கல. ஞாயித்துக்கிழமை பூபாலன் ஆளுங்களோட வந்து நிக்க, சுரேகா குச்சியக் கிழிச்சா. நீலமா புடிச்சுது. இட்லிக் குண்டானை ஏத்தினா. அப்பவும் அணையல.

பூபாலன் அடுப்புக்கிட்ட குனிஞ்சு பாத்தாரு.

"சரிம்மா, இட்லி எப்ப ஆவும்?"ன்னு கேட்டுகினே பெஞ்சுல உக்காந்துட்டாரு. இடிக்க வந்த ஆளுங்களும் உக்காந்தாங்க.

"தோ, ஆயிடும்ண்ணே"ன்னுட்டு சுரேகா கடைக்குப் பின்னால ஓடி ஜமீலாவுக்குப் போன் போட்டா. அழுகைதான் வந்துச்சு.

"எரியுதா?"

"எரியுதுக்கா."

"அப்புறம் இன்னாத்துக்குடி அழுவுற?"ன்னு கேட்ட ஜமீலாவும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுனாங்க.