நடக்கிறவர்களுக்கான வழியில் எங்கள் கார்

2009 மே மாதம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியில் எனக்கு இன்டர்வியூ. காலை பதினொரு மணிக்கு. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். எட்டு மணிக்குக் கிளம்பினால் தாராளம். "நான் இட்டுக்கினு போறேன்" என்று அக்காவின் கணவர் காரை எடுத்தார். என் வேலையைவிட, சிங்கப்பூர் நண்பர் கொடுத்த ஜிபிஎஸ் கருவியைச் சோதிப்பதில்தான் அவருக்கு ஆர்வம்.

ஊர்ப் பெயரைத் தட்டியதும் பயண நேரம் பத்து மணி நேரம் என்று காட்டியது.

"இன்னா மாமா, பத்து மணி நேரமா?"

"நம்ம ரோடு எப்படின்னு அதுக்கும் தெரிஞ்சிருக்குது பாரு!"

பெரியபாளையத்துக்கு முன்பே கருவிக்குள் பேசிய பெண் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பச் சொன்னாள். தார் ரோடு மண் ரோடானது. மண் ரோடு வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவே இன்னும் குறுகியது. காரில் கீறல் விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மாமா பல்லைக் கடித்தார். கடைசியில் ஆரணியாற்றங்கரை. "நேராகச் செல்லவும்" என்றாள் அவள், ஆங்கிலத்தில். நேராக இருந்தது வறண்ட ஆறு.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்தார். "இன்னாப்பா, காரை எங்க இட்டுக்கினு போற? இது ஆளுங்க நடக்கிற வழி!"

"மிஷின்தாம்மா சொல்லிச்சு."

"அது நடந்து போவுதா, கார்ல குந்திக்கினு போவுதா?"

அப்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். கார் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதன் கைவீசி நடந்துகொண்டிருந்தான். சிங்கப்பூர் நண்பர் வாக்கிங் போகிறவராம்; நடப்பவருக்கான வழியிலேயே வைத்துக் கொடுத்துவிட்டார்.

மணி ஒன்பதரை. காரைத் திருப்ப இடமில்லை; முள்ளுக்குள் ரிவர்ஸில்தான் போக வேண்டும்.  நான் கருவியைப் பிடுங்கிக்கொண்டேன். "நீங்க சுத்திக்கினு வாங்க மாமா, நான் நடக்கிறேன்."

செருப்பு ஒரு கையில், கருவி மறு கையில், ஃபைல் அக்குளில். நேராக என்றாள், மணலில் இறங்கினேன். இடது என்றாள், தென்னந்தோப்பு. இருபது நிமிடத்தில் கவரைப்பேட்டை ரோட்டு பஸ் நிறுத்தத்தில் கச்சிதமாகக் கொண்டுவந்து விட்டாள். பஸ், ஷேர் ஆட்டோ என்று மாறி, பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கம்பெனி வாசலில் இருந்தேன். வேலையும் கிடைத்தது.

மாமா வந்தபோது மணி ஒன்று. "அந்தப் பொம்பளைய நீ இட்டுக்கினு போயிட்ட. நான் டீக்கடை டீக்கடையா வழி கேட்டுக்கினு வரேன்!"

கிளம்புமுன் கருவியில் என்ன படம் இருக்கிறது என்று பாருங்கள். நடப்பவருக்குச் சந்து பொந்தெல்லாம் வழி. காருக்கு வேகமான ரோடு. லாரிக்குத் தாழ்வான பாலம் ஆகாது. அந்த ஆற்றுக் குறுக்குவழி அருமையானது, ஆனால் கோடையில் மட்டும். நீச்சல் அடிப்பவர் படம் கருவியில் இல்லை.