நூத்தி நாலு கடதாசி

அண்ணை, நாளைக்கு உங்களுக்கு முப்பத்தொண்டாம் நாள். கீரிமலைக்கு வான் பிடிச்சாச்சு. போக முதல் ஒண்டு சொல்லோணும். உங்களுக்கும், இதை வாசிக்கிற ஆக்களுக்கும்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டிட்டு பேக்கரியிலை பாண் சுத்திறன். பிழை கிடந்தால் குறை நினையாதேங்கோ.

என்ரை அண்ணைக்கு ரெண்டு கிட்னியும் பழுது. கிழமைக்கு ரெண்டு தரம் ஆஸ்பத்திரியிலை ரத்தம் கழுவுவினம். மற்ற நாளெல்லாம் அரியாலை வீட்டிலை, கட்டில்லைதான். முந்தி கூட்டாளியளோடை நாலு பேராய் இருந்து முன்னூத்திநாலு எண்ட சீட்டுக் கடதாசி விளையாட்டு விளையாடினவர். அவையளுக்கும் வேலை, பிள்ளை குட்டி. வாறது குறைஞ்சு போச்சு. அப்பதான் தனிய விளையாடுற விளையாட்டு ஒண்டை போனிலை பாத்துப் பழகினவர். கை வீங்கினாப் பிறகு அவர் சொல்லுவார், நான் கடதாசியை அடுக்குவன்.

அதுக்கு ரெண்டு கட்டு வேணும். ஒண்டாக் கலந்தால் நூத்தி நாலு. பத்து வரிசை, வரிசைக்கு நாலு, எல்லாம் முகம் தெரியத்தக்கதாய். மிச்சம் கையிலை. ஏஸ் வந்தால் எடுத்து மேலை வைக்கோணும், மொத்தம் எட்டு ஏஸ். அதுகளிலை ரெண்டு, மூண்டு எண்டு கிங் மட்டும் ஏத்தோணும். கீழ் வரிசையளிலை மாறி, இறக்கிக்கொண்டு வரோணும். கடைசிக் கடதாசியைத்தான் தொடலாம், ஒருக்கா ஒண்டுதான். வரிசை வெறுமையானால் எதையும் வைக்கலாம். கையிலை இருக்கிறதை ஒவ்வொண்டாய்ப் பிரட்டலாம், ஆனால் ஒரே ஒரு தரம். ஏத்தினாலும் இறக்கினாலும் ஒரே சாதியாய் இருக்கோணும்.

"கடதாசியிலையும் சாதி பாக்கிறியளோ?" எண்டு கேட்டன்.

"பாக்காட்டி எங்கடை ஆக்களுக்கு விளையாட்டு விளங்காதடி," எண்டார்.

முன்னூத்திநாலிலை ஜாக்தான் பெரிசு, அடுத்தது ஒன்பது. நான் அந்தப் பழக்கத்திலை ஜாக்குக்கு அடுத்ததாய் ஒன்பதை வைச்சிட்டன்.

"எடி விசரி, நடுவிலை பத்தை ஆர் திண்டது?"

"எனக்கு இடுப்பு முறியுது. நீங்களே அடுக்குங்கோவன்."

ஒருக்கா முழுசாய் ஏறினால் தனக்குச் சுகம் வருமெண்டு சொல்லுவார். முதல் பகிடியாய்த்தான் சொன்னவர். பிறகு பிறகு பகிடி இல்லை. நாலு மாதமாய் ஒரு நாளும் ஏறேல்லை. ஆட்டின், அதுதான் சிவப்பு இதயம் போட்ட சாதி, எப்பவும் இறுகிப்போய் நிக்கும்.

ஒரு நாள் பின்னேரம், "எல்லாம் கிடக்கோ எண்டு எண்ணிப்பார்," எண்டார். விடியக் காத்தாலை தொடங்கி நிண்ட கால். எனக்கு ஏலாது.

"எண்ணினனான். நூத்தி நாலும் கிடக்கு."

நான் எண்ணேல்லை. தொட்டும் பாக்கேல்லை.

"அப்ப என்ரை விதிதான்," எண்டிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்.

அடுத்த கிழமை போயிட்டார்.

எட்டாம் நாள், எட்டுச் செலவண்டைக்கு அவரின்ரை கூட்டாளியள் வந்தவை. சாப்பிட்டிட்டு, அண்ணைக்காக ஒரு ஆட்டம் எண்டு கடதாசியைக் கேட்டினம். முன்னூத்திநாலுக்கு ரெண்டு தொடக்கம் ஆறு மட்டும் தேவையில்லை, கழிச்சுப்போடுவினம். கழிச்சுக்கொண்டிருந்தவர் சொன்னார், "ரெண்டு கட்டிலையும் சேத்து ஆட்டின் ரெண்டாம் நம்பர் ஒண்டுதானே கிடக்கு?"

மற்றவர் சிரிச்சார். "மற்றது எங்கடை வீட்டை கிடக்கு மச்சான். முந்தி அங்கை விளையாடேக்கை மேசைக்கால் ஆடுதெண்டு மடிச்சு வைச்சனாங்கள். ரெண்டு ஆருக்கு வேணும்?"

எல்லாரும் சிரிச்சினம். நான் தேத்தண்ணிக் கோப்பையளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போட்டன்.

அந்த ரெண்டு இல்லாட்டி ஒரு ஆட்டின் ஏஸ் அப்பிடியே நிக்கும். எவ்வளவு நல்லாய்க் கலைச்சாலும் முடியாது. ஏலாத விளையாட்டை அவர் நாலு மாதம் விளையாடியிருக்கிறார். எண்ணியிருந்தால் அஞ்சு நிமிசம். கடையிலை வேறை கட்டு வாங்கியிருக்கலாம்.

கடதாசியாலை கிட்னி சுகம் வராதெண்டு எனக்குத் தெரியும். ஆனால் ஒருக்காவது வெண்டிருப்பார். தன்ரை விதி கூடாதெண்டு நினைச்சுக்கொண்டு போனவர், அது என்ரை பொய்யாலை. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. சொல்லவும் தெம்பில்லை.

அண்ணை, உங்கடை விதியிலை பிழை இல்லை. கடதாசியிலைதான் குறை. கோவியாதேங்கோ.

வாசிக்கிற நீங்கள் எல்லாரும், எந்தச் சாமியைக் கும்பிடுற ஆக்களெண்டாலும் சரி, அவர் அந்த நினைப்பை விட்டிட்டு ஆறுதலாய் இருக்கோணுமெண்டு ஒருக்கா மண்டாடுங்கோ. நான் கேட்டால் மட்டும் காணாது போலை கிடக்கு.