கறுப்புப் பெட்டிக்கு வைத்த ஒப்பாரி

மூன்று வருடங்களுக்கு முன்பு, தைப்பொங்கல் முடிந்த மறு வாரம், ஒரு சனிக்கிழமை. இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலை பத்து மணிக்கு நடந்தது இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு முதலில் வரும், கண்ணீர் பின்னாலேயே வரும்.

என் கடைசி மகனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை. அது வயிற்றுக்கு. உயிர் மட்டும் பாட்டின் மேல் இருந்தது. சாமிப் பாட்டும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. ராக்கபில்லி என்பான், கராஜ் பங்க் என்பான். எனக்கு விளங்கின அளவில் முதலாவது, கால் தரையில் நிற்காத துள்ளல். இரண்டாவது, தகரக் கொட்டகைக்குள் நாலு பேர் சண்டை போடுகிற சத்தம். இரண்டையும் கலந்து, நம்முடைய கொழுந்துக் கூடையையும் அட்டைக் கடியையும் வைத்துத் தமிழில் பாடுவான். தலைமயிரைச் சேவல் கொண்டை மாதிரி தூக்கிச் சீவியிருப்பான். “அந்தக் கொண்டைக்குப் பூசுற எண்ணெயில ஒரு வாரம் கறி தாளிக்கலாம்டா” என்று நான் சீண்டுவேன்.

எந்தக் கம்பனியும் அவனைக் கூப்பிடவில்லை. அவனும் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. தானே பாட்டுக் கட்டுவான், நண்பன் வீட்டு அறையில் பதிவு செய்வான், இசைத்தட்டுக்கு உறையும் தானே ஒட்டுவான், நோட்டீஸ் ஒட்டவும் பசை வாளியோடு தானே போவான். பதினாறு வருஷம் இப்படித்தான். கொழும்பில் சிங்களப் பிள்ளைகள் வார்த்தை விளங்காமலே ஆடுவார்களாம். எங்கள் தோட்டத்தில் மட்டும் எடுபடவில்லை. ஒரு திருவிழாவில் பாடினான். மூன்றாவது பாட்டு முடியும்போது திடலில் மிச்சம் நானும் ஒரு நாயும்தான். அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருக்கிற என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, போகிற போக்கில் சொன்னார்: “குளவி கொட்டுனவன்கூட இதவிட ராகமாக் கத்துவான்.”

அது அவன் மனதில் தைத்துவிட்டது. அந்தப் பொங்கலுக்கு முன்பு போன் பண்ணினான். “அம்மா, கட்டார்ல டிரைவர் வேலை வந்திருக்கு. கடைசியா ஒரு தடவை நம்ம ஊர்ல பாடிப் பாக்குறேன். நம்ம சனம் நின்னு கேட்டா இங்கயே இருக்கேன். இல்லாட்டி எல்லாத்தையும் வித்துட்டுப் போயிருவேன்.”

எனக்குத் திக்கென்றது. நாயை நம்பி எப்படி மகனை நிறுத்தி வைப்பது?

அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் கோயில் திடலில் பாட்டு. காலையில் மகனின் வான் வண்டி வந்தது. மார்கழி மழையில் ரோடு சரிந்திருந்ததால் வளைவுக்கு மேல் ஏற முடியவில்லை. நான் இறங்கிப் போனேன். மகனோடு நாலு நண்பர்கள், கொழும்புச் சிங்களப் பிள்ளைகள், எல்லாருக்கும் கறுப்புச் சட்டை, தூக்கமில்லாமல் சிவந்த கண். அவர்களோடு ஒரு நீளப் பெட்டி. அதற்குள் ஆளைவிட உயரமான வயலின் மாதிரி ஒரு வாத்தியம், டபுள் பேஸ் என்று பெயர். வழியில் உடையாமலிருக்க மகனே பலகையில் பெட்டி அடித்துக் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தான்.

“நீங்க இவங்களக் கூட்டிட்டு முன்னால போங்கம்மா. நான் டவுனுக்குப் போயி ஜெனரேட்டர் எடுத்துட்டு வர்றேன்” என்று வானைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நாலு பிள்ளைகளும் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். பாதை வழுக்கியதால் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். காற்றில் என் கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கி வாயைத் திறந்தபடி முன்னால் நடந்தேன்.

மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி. கறுப்புச் சட்டைக்காரர்கள் தோளில் சுமக்கிறார்கள். முன்னால் தலைவிரி கோலமாய்த் தாய். மகனைக் காணோம். எங்கள் ஊரில் கொழும்புக்கு வேலைக்குப் போன எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். வேறு எதை நினைப்பார்கள்?

நாங்கள் லயத்து வாசலில் பெட்டியை இறக்கி வைத்தோம். நான் மூச்சு விட்டுக்கொள்வதற்குள் மலையே இறங்கி வந்துவிட்டது. முதலில் வந்த மதினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று கத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ராகம் எடுத்தார்.

“கொழும்புக்குப் போன மகன் – என் ஐயா
கூடு வந்து சேர்ந்தானே!
பாட்டெடுத்தா மலை அதிரும் – என் ராசா
பலகைக்குள்ள படுத்தானே!”

அப்போதுதான் விஷயம் விளங்கியது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் காதில் விழுந்தது என்ன? பாட்டெடுத்தால் மலை அதிருமாம்! குளவிக் கொட்டு என்று சொன்ன அதே வாய்! கொஞ்சம் கேட்டுப் பார்ப்போமே என்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். என் உடம்பு குலுங்கியது சிரிப்பில். அவர்கள் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

“நீ கத்துன கத்தலுக்கு – என் ஐயா
அட்டகூட ஆடுமய்யா!”

ஒருத்தி அவன் கொண்டை அழகைச் சொல்லி அழுதாள். வேலையை விட்டுப் போன பெண்களைத் தேடிக்கொண்டு வந்த, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா தொப்பியைக் கழற்றிவிட்டு, “தங்கமான பொடியன். என்னா ஒரு குரல்” என்றார். தப்படிக்கிறவர் தப்போடு வந்து, காகிதத்தைக் கொளுத்தித் தோலுக்குச் சூடு காட்டத் தொடங்கிவிட்டார். கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் நாலு பேரும் ஒன்றும் விளங்காமல், மரியாதைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

தலைப்பை விலக்கிப் பார்த்தேன். மதினியின் இரண்டு முழங்காலும் ரத்தம். மலையிலிருந்து ஓடி வரும்போது விழுந்திருக்கிறார். என் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் நிஜமாகவே என் பிள்ளைக்காக உருண்டு விழுந்து வந்திருக்கிறார். நான் இங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“மதினி, மதினி, நிப்பாட்டுங்க” என்றேன். “எப்படிடி நிப்பாட்டுவேன்!” என்று அவர் மாரில் அடித்துக்கொண்டார். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “அத்த, நான் இங்க இருக்கேன்.”

என் மகன். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. கண்ணெல்லாம் நனைந்திருந்தது.

கூட்டம் முழுக்கத் திரும்பியது. பிறகு மதினி பாய்ந்து அவன் முதுகில் நாலு வைத்தார். “பாவிப் பயலே! பெட்டிக்குள்ள என்னாடா?” அவன் மூடியைத் திறந்து காட்டினான். கண்டாக்கு ஐயா தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, “மலைய விட்டுட்டு வந்தது இதுக்கா?” என்று கத்தினார். பெண்கள் கூடையைத் தேடத் தொடங்கினார்கள். கோபத்தோடு எல்லாரும் போகப் போகிறார்கள். இவர்கள் சாயந்திரம் ஏன் வருவார்கள்? என் விளையாட்டால் பிள்ளையைக் கட்டாருக்கு நானே அனுப்பி வைக்கிறேனே!

அவன் பெட்டிக்குள் குனிந்தான். அந்தப் பெரிய வாத்தியத்தை நிமிர்த்தி, மதினியைப் பார்த்தான். “அத்த, அட்ட ஆடுற அடிய இன்னொரு தடவ சொல்லுங்க.”

“போடா அங்கிட்டு!” என்றார். அவன் விடவில்லை. கம்பிகளைப் பிடித்து இழுத்து அறைந்தான். அதே ஒப்பாரி ராகம், ஆனால் குதிரை ஓட்டத்தில். “பலகைக்குள்ள படுத்தானே!” என்று அவனே தொண்டை கிழியக் கத்தினான். தப்படிக்கிறவருக்குக் கை சும்மா இருக்குமா? சூடு ஏறின தப்பு. விளாசித் தள்ளினார். சிங்களப் பிள்ளை ஒருவன் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான். முதலில் ஆடியது யார் தெரியுமா? ரத்தம் வழிகிற முழங்காலோடு என் மதினி! “ஆயுசு கெட்டிடா ஒனக்கு!” என்று கத்திக்கொண்டே ஆடினார். பிறகு லயமே ஆடியது. கண்டாக்கு ஐயாவின் ஒரு கால் மட்டும், அவருக்குத் தெரியாமல் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

சாயந்திரம் திடல் கொள்ளவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் ஒருவரும் அசையவில்லை.

அவன் கட்டாருக்குப் போகவில்லை. இன்றும் அதே இரும்புக் கடை, அதே பசை வாளி. எங்கே பாடினாலும் அந்த ஒப்பாரிப் பாட்டைத்தான் முதலில் கேட்கிறார்களாம். அது தன் பாட்டு என்று மதினிக்கு ஒரே பெருமை. அவருடைய முழங்காலுக்கு ஒரு மாதம் நான்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அதை அவர் இன்னும் முழுசாகக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து யாருடைய தேங்காய்ச் சம்பல் ருசியாக இருந்தாலும், யார் நன்றாகச் சிரித்தாலும், உடனே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். “என்னாடி, டாக்டர் ஒனக்கு எதுவும் சொல்லிட்டாரா?” என்று பயந்து பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும். பெட்டிக்கு முன்னால் மட்டும் சொல்கிற நல்ல வார்த்தையை என் மகன் உயிரோடு நின்று கேட்டபோது அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்த பிறகு, அப்படி ஒரு வார்த்தையை நாளைக்கென்று ஒத்திப்போட எனக்கு மனம் வருவதில்லை.